எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் போல ஒரு புழு: அழகி வண்ணத்துப்பூச்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை இவற்றில் ஏதேனும் ஒன்றை வளர்ப்பவர் கண்ணில் இந்தப் புழு என்றாவது ஒரு நாள் பட்டே தீரும். பட்டதும் எழும் கேள்விகளைத் தொகுத்து, செடியருகே உட்கார்ந்து பல ஆண்டுகளாகப் பார்த்தவற்றையும் படித்தவற்றையும் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். இங்கே சொல்லப்படுபவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் இனங்கள்.

கறிவேப்பிலை இலையின் மேல் பறவை எச்சம் போல ஒன்று கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் நகர்கிறது. என்ன அது?

அழகிக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகியாக இருக்கும். கரும்பழுப்பு உடல், நடுவில் வெள்ளைத் திட்டு, இப்போதுதான் விழுந்தது போன்ற ஈரப் பளபளப்பு. மைனா எச்சமிட்டால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். மற்றப் புழுக்கள் இலைக்கு அடியில் பதுங்கும்போது இது மேற்புறத்தில் எல்லோருக்கும் தெரியும்படி அசையாமல் கிடக்கும். எச்சத்தைக் கொத்தித் தின்ன எந்தப் பறவையும் வருவதில்லை என்பதால் ஒளிய வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இந்தக் குடும்பத்தில் பல இனங்களின் பின்னிறக்கையில் தகைவிலான் குருவியின் வாலைப் போல ஒரு நீட்சி இருக்கும். உலகெங்கும் 550-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. தமிழில் இவற்றுக்கு 'அழகி' என்று முடியும் பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பொருத்தமான பெயர்தான்.

நேற்று வரை கருப்பும் வெள்ளையுமாக இருந்தது. இன்று அதே இலையில் பச்சைப் புழு இருக்கிறது. இது வேறா?

அதே புழுதான். முட்டையிலிருந்து வந்தது முதல் கூட்டுப்புழு ஆகும் வரை ஐந்து பருவங்கள். முதல் நான்கிலும் எச்ச வேடம். நான்காம் முறை தோலுரித்தவுடன் இலைப்பச்சை. உடல் பெருத்த பிறகு எச்சம் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற முடியாது. அவ்வளவு பெரிய எச்சம் கிடையாது. அதனால் வேடம் மாறுகிறது.

இந்த மாற்றத்தை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் புழு ஒரு நாள் போல உண்ணாமல் அசைவற்றுக் கிடக்கும். நோய் வந்துவிட்டது என்றே தோன்றும். பிறகு உடலில் வால்பக்கத்திலிருந்து தலை நோக்கி அலை அலையாக ஒரு நெளிவு ஓடும். பழைய தோல் காலுறை கழல்வது போலப் பின்னோக்கிச் சுருண்டு போகும். உள்ளிருந்து வருவது வெளிர்ந்த, சுருக்கம் நிறைந்த, மிக மென்மையான பச்சை உடல். பழைய தலை ஓடு கடுகு போலத் தெறித்து விழும். சற்று நேரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கழற்றிய தோலையே தின்னத் தொடங்கும். அந்த நேரத்தில் அதைத் தொட வேண்டாம். உடல் கெட்டிப்படச் சில மணி நேரம் ஆகும்.

எந்தப் பருவத்தில் எந்த நிறம் என்பதைத் தீர்மானிப்பது இளமை ஹார்மோன். அதன் அளவு உடலில் குறையும்போது பச்சை வேடத்துக்கான ஏற்பாடு தொடங்குகிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஓர் ஆசிய இனத்தைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் இதைக் காட்டினார்கள்.

தொட்டதும் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டியது. ஒரு நாற்றம் வந்தது. விஷமா? கொட்டுமா?

கொட்டாது, கடிக்காது, அரிப்பும் வராது. குழந்தைகள் பார்த்துப் பயந்தால் அருகே உட்கார வைத்து இதையே காட்டலாம்.

அந்த உறுப்புக்கு ஆஸ்மட்டீரியம் என்று பெயர். தலைக்குச் சற்றுப் பின்னால், முதல் மார்புக் கண்டத்தில் ஒரு பை போல உள்ளே மடிந்திருக்கும். சீண்டினால் உடல் நீரின் அழுத்தத்தில் கையுறை விரலை உள்ளிருந்து வெளியே தள்ளுவது போலப் பிதுங்கி, பாம்பின் நாக்கு போல இரண்டாகப் பிளந்து நீளும். இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறும். நாற்றமும் பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது. இளம் புழுக்களில் தாவர எண்ணெய்களில் இருப்பவை போன்ற டெர்பீன்கள். கடைசிப் பருவத்தில் ஐசோபியூட்டிரிக் அமிலம் போன்றவை. கெட்டுப்போன வெண்ணெயோடு எலுமிச்சைத் தோலைச் சேர்த்துக் கசக்கியது போல ஒரு நெடி என் விரலில் நீண்ட நேரம் நின்றது. எறும்பும் சிறு சிலந்தியும் அதற்குப் பின்வாங்குகின்றன.

ஓர் அழகிப் புழுவை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்ய இதைவிடச் சிறந்த அடையாளம் இல்லை. வேறு எந்த வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தின் புழுவுக்கும் இந்தக் கொம்பு கிடையாது. ஆனால் உறுதிசெய்ய ஒரு முறை போதும். திரும்பத் திரும்பச் சீண்டினால் அது தன் சக்தியை வீணாகச் செலவழிக்கும்.

ஒரு சிறு திருத்தமும் சொல்ல வேண்டும். பச்சைப் புழுவின் 'பெரிய கண்கள்' கண்களே அல்ல. பருத்த மார்புப் பகுதியின் மேல் உள்ள புள்ளிகள். உண்மையான தலை அதற்கு முன்னால், கீழே குனிந்தபடி, இலையின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருக்கும்.

எலுமிச்சை அழகியா, கறிவேப்பிலை அழகியா என்று புழுவை வைத்தே சொல்லிவிடலாமா?

புழுவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல நான் முன்வருவதில்லை. இரண்டும் ஒரே செடிகளை உண்கின்றன, இரண்டுக்கும் அதே எச்ச வேடம், அதே பச்சை வேடம், உடலில் சாய்வான பட்டைகள். பட்டையின் நிறத்திலும் வடிவத்திலும் உள்ள வேறுபாடு நுட்பமானது. புழுவுக்குப் புழு மாறவும் செய்கிறது. பெயரைப் பார்த்துக் கறிவேப்பிலையில் இருப்பது கறிவேப்பிலை அழகி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எலுமிச்சை அழகியும் அதே கறிவேப்பிலையில் முட்டையிடும். பொறுத்திருந்து இறக்கையைப் பார்ப்பதே நேர்வழி.

வெளிவந்த பிறகு குழப்பமே இல்லை. எலுமிச்சை அழகிக்குக் கருப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் திட்டுகள் சிதறிக் கிடக்கும். பின்னிறக்கையின் உள்மூலையில் ஒரு செங்கல் நிறப் பொட்டு. வயதாக ஆக வெளிர்மஞ்சள் அடர்ந்துகொண்டே போகும். கறிவேப்பிலை அழகியின் ஆணுக்கு இறக்கை முழுவதும் கருப்பு, பின்னிறக்கையின் குறுக்கே வெண்புள்ளிகளால் ஆன ஒரே பட்டை, வால் உண்டு.

எலுமிச்சை அழகிக்கு வாலே இல்லையே. அப்புறம் எப்படி இந்தக் குடும்பத்தில் சேர்த்தார்கள்?

வாலை வைத்துக் குடும்பத்தை முடிவு செய்வதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு. எலுமிச்சை அழகிக்கு வால் இல்லை. கருப்பும் வெளிர்நீலமுமாகப் பறக்கும் நீல அழகிக்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் பறவை போல மிதக்கும் பொன்னழகிக்கும் இல்லை. வால் இருந்த பூச்சிக்கும் அது கடைசி வரை இருக்கும் என்று சொல்ல முடியாது. பறவை கொத்தும்போது முதலில் பிய்ந்து போவது வால்தான். தலையை விட்டு வாலைக் கொத்த வைப்பதே அதன் பயன்களில் ஒன்று என்று கருதப்படுகிறது.

புழுவுக்கு நாற்றக் கொம்பு இருக்கிறதா, வளர்ந்த பூச்சி ஆறு கால்களையும் ஊன்றி உட்காருகிறதா என்று பாருங்கள். வரியன்கள் உள்ளிட்ட பெரிய குடும்பம் ஒன்றில் முன்னங்கால்கள் இரண்டும் சுருங்கிப்போய், நான்கு கால்களில்தான் நிற்கும்.

கருப்பு இறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும். ரோஜா அழகி என்றேன். நண்பர் கறிவேப்பிலை அழகி என்கிறார். யார் சொல்வது சரி?

உடலின் நிறத்தைப் பார்த்தீர்களா? அதில்தான் பதில் இருக்கிறது.

கறிவேப்பிலை அழகியின் ஆண் ஒரே மாதிரி இருக்கும். பெண்ணுக்கு நம் பகுதியில் மூன்று உருவங்கள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இரண்டாவது, பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்பும் கொண்டு ரோஜா அழகியைப் போல இருக்கும். மூன்றாவது, முன்னிறக்கையில் வெண்பட்டைகளும் பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகளும் கொண்டு சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே வெவ்வேறு உருவப் பெண்கள் வரலாம்.

ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுப் பருவத்தில் ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி போன்ற கொடிகளைத் தின்பவை. அவற்றில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் பூச்சியின் உடலில் தங்கிவிடுகிறது. தின்ற பறவைக்கு ஒத்துக்கொள்வதில்லை. அடுத்த முறை அந்தக் கோலத்தைக் கண்டாலே விலகிப் போகிறது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பூச்சியிடம் அந்த நஞ்சு கிடையாது. தோற்றத்தை மட்டும் பெற்றிருக்கிறது.

இறக்கையை அச்சு அசலாக நகலெடுத்த பூச்சி உடலை மட்டும் நகலெடுக்கவில்லை. ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் தலையிலும் உடலிலும் குருதிச் சிவப்பு உண்டு. கறிவேப்பிலை அழகிக்கு எந்த உருவத்திலும் உடல் கருப்பு. இறக்கை எவ்வளவு கிழிந்து வெளிறியிருந்தாலும் உடல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். பறக்கும் விதமும் துணை செய்யும். நஞ்சுள்ளவை அவசரமின்றி மெதுவாகச் சிறகடிக்கும். போலி, விரட்டப்பட்டால் தன் இயல்பான வேகத்துக்குத் திரும்பிவிடும்.

இத்தனை உருவங்களையும் ஒரே மரபணு இடம் ஆட்டிவைக்கிறது. பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை உருவாக்கும் டபுள்செக்ஸ் என்ற மரபணுதான் இங்கே இறக்கை வேடத்தையும் மாற்றுகிறது என்று கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள்.

பெயரிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் சிவப்புடல் அழகிக்கு ஹெக்டர் என்றும், கறிவேப்பிலை அழகிக்குப் பாலிடீஸ் என்றும் பெயரிட்டார். இரண்டும் கிரேக்கக் கதைகளில் வரும் டிராய் நகர மன்னன் பிரியாமின் மகன்களின் பெயர்கள். அண்ணனைப் போலத் தம்பி வேடமிடுகிறான் என்பது அந்தப் பெயர்களை வைத்த நாளில் யாருக்கும் தெரியாது. ஹெக்டரின் உருவத்தை ஏற்ற பெண், ஹெக்டர் பறக்கும் தென்னிந்தியா, இலங்கை, கிழக்குக் கரையோரப் பகுதிகளில்தான் காணப்படுகிறது. அசல் இல்லாத இடத்தில் நகலுக்குப் பயனில்லை.

ரோஜா அழகியின் புழு எப்படி இருக்கும்?

பார்த்தால் மறக்க முடியாது. கருஞ்சிவப்பு வெல்வெட் போன்ற உடலில் சதைப்பற்றுள்ள முனைகள், அவற்றின் நுனியில் சிவப்பு, உடலின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. சிவப்புடல் அழகியின் புழுவுக்கு அந்த வெள்ளைப் பட்டை இருக்காது. முட்கள் போலத் தெரிந்தாலும் குத்தாது. ஆடுதின்னாப்பாளைக் கொடியில் தேடுங்கள். ரோஜாச் செடியில் தேடிப் பயனில்லை. பெயரில் உள்ள ரோஜா நிறத்தைக் குறிப்பது. சிவப்புடல் அழகி 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட இனம்.

முட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொழுந்து இலையில், பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் உருண்டை. வழவழப்பாக இருக்கும். தாய்ப்பூச்சி செடியைச் சுற்றிப் படபடத்து, ஒரு நொடி மட்டும் இலையில் அமர்ந்து, வயிற்றின் நுனியை வளைத்துவிட்டுப் போனால் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். உட்காரும் அந்த ஒரு நொடியில் அது முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்க்கிறது. சரியான செடிதானா என்று கால்களே சொல்லும். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாட்களில் பொரிந்துவிடும். அதற்கு முந்தின நாள் உருண்டை கருமை கொள்ளும். முட்டை முழுக்கக் கருத்தும் பொரியாமல் இருந்தால் உள்ளே சிறு குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம்.

வாலில் கொம்பு உள்ள பெரிய பச்சைப் புழுவும் அழகியா?

இல்லை. வால் முனையில் ஒற்றைக் கொம்பு நிமிர்ந்து நின்றால் அது பருந்து அந்துப்பூச்சியின் புழு. நந்தியாவட்டையிலும் அரளியிலும் அடிக்கடி காணலாம். உடல் முழுக்க ரோமம் என்றால் கம்பளிப்பூச்சி, அதைத் தொடாதீர்கள்.

நெட்டிலிங்கத்திலும் சீத்தாவிலும் கிடைக்கும் வழவழப்பான புழு, மார்புப் பகுதி பருத்து, அதன் மேல் சிறு முட்களோடு இருந்தால் அது அழகிக் குடும்பத்தின் இன்னொரு கிளை. கருப்பில் பச்சைப் புள்ளிகள் கொண்ட, பூவில் தேன் குடிக்கும்போதும் இறக்கையை நடுக்கிக்கொண்டே இருக்கும் பூச்சியாக அது மாறும்.

புழு தின்பதை நிறுத்திவிட்டது. நீர்த்த கழிவு வெளியேறியது. இங்குமங்கும் அலைகிறது. சாகப்போகிறதா?

பயப்பட வேண்டாம். கூட்டுப்புழுவாகத் தயாராகிறது. குடலை முழுதாகக் காலி செய்துவிட்டு இடம் தேடி நடக்கிறது. இடம் பிடித்ததும் வால் முனையைப் பட்டுத் திரியில் பதித்து, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொள்ளும். தென்னை ஏறுபவர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்திருப்பதைப் போலவே தெரியும். வால் முனையும் அந்த நூலும்தான் அதன் பிடிமானம். ஒரு நாளில் தோல் உரிந்து கூட்டுப்புழு ஆகிவிடும். அலையும் புழுவைப் பிடித்து மீண்டும் இலையில் விடுபவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

ஒரு கூட்டுப்புழு பச்சை, இன்னொன்று பழுப்பு. வேறு வேறு இனமா?

நிறத்துக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை. அமரும் இடத்தின் சொரசொரப்பும் சூழலும் அதைத் தீர்மானிக்கின்றன. பசுங்கொம்பில் பச்சை, உலர்ந்த குச்சியிலோ சுவரிலோ பழுப்பு என்று பெரும்பாலும் அமையும்.

கூட்டுப்புழு பல நாட்களாக அப்படியே இருக்கிறது. உயிர் இருக்கிறதா?

வெப்பமான காலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் போதும், குளிர்ந்தால் நீளும். வெளிவரும் முந்தின இரவில் ஓடு கண்ணாடி போலாகி, உள்ளே இறக்கையின் நிறங்கள் தெரியும். அப்போது விளக்கருகே வைத்து எழுப்பாமல் விடுங்கள். பெரும்பாலும் காலையில் வரும்.

ஓடு முழுக்கக் கருத்து, தொட்டால் கலகலவென்று லேசாக இருந்தால் உயிர் இல்லை. ஊசிமுனை போன்ற துளை இருந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவிகள் வளர்ந்து வெளியேறிவிட்டன. மூன்று வாரம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் கொசுவிலும் சிறிய குளவிகள் வரிசையாக வந்தன. அன்று முழுக்க மனம் கனத்தது. பிறகுதான் யோசித்தேன், அந்தக் குளவிகள் இல்லாவிட்டால் எலுமிச்சைக்கு இலையே மிஞ்சாது.

வெளிவந்ததும் சிவந்த நீர் சொட்டியது. காயமா?

கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது. இறக்கை விரிந்து காய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை அது இறக்கை கீழ்நோக்கித் தொங்கும்படி பற்றிக்கொண்டிருக்க வேண்டும். விழுந்துவிட்டால் ஒரு குச்சியை நீட்டி ஏறவிடுங்கள், இறக்கையைத் தொடாதீர்கள்.

செடி மொட்டையாகிக்கொண்டிருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

செடி வைத்திருப்பவரின் கவலை நியாயமானது. முழங்கால் உயரக் கன்றில் நான்கைந்து பச்சைப் புழுக்கள் இருந்தால் சில நாட்களில் காம்பு மட்டுமே மிஞ்சும். எலுமிச்சை நாற்றங்கால்களில் இது உண்மையான தொல்லை. கரீபியன் தீவுகளில், டொமினிக்கன் குடியரசில், 2004-இல் எலுமிச்சை அழகி தென்பட்டபோது அங்குள்ள எலுமிச்சை வளர்ப்போர் அஞ்சியதற்கும் அதுவே காரணம்.

ஆனால் ஆளுயரம் வளர்ந்த மரத்துக்கு இது ஒரு பொருட்டல்ல; அடுத்த துளிரில் ஈடுகட்டிவிடும். கன்றில் இருப்பவற்றை இலையோடு கிள்ளி, வளர்ந்த எலுமிச்சை, நாரத்தை அல்லது கறிவேப்பிலை மரத்துக்கு மாற்றுங்கள். கன்றைக் காக்க மெல்லிய வலை போர்த்தினால் முட்டையிடவே முடியாது. வேப்பெண்ணெய் மென்மையானது என்று நினைத்துத் தெளித்தாலும் புழு தின்ன மறுத்து, தோலுரிக்க முடியாமல் சாகும். இலையைச் சமைத்து உண்ணப்போகிறீர்கள் என்றால் பூச்சிமருந்தை நினைக்கவே வேண்டாம்.

டப்பாவில் வைத்து வளர்க்கலாமா?

வளர்க்கலாம், எறும்பும் குளவியும் நெருங்காததால் அதிகம் பிழைக்கும். காற்றோட்டம் வேண்டும், கழிவைத் தினமும் துடைக்க வேண்டும், வெயிலில் வைக்கக்கூடாது. தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம்; இலையிலேயே நீர் உண்டு, கிண்ணத்தில் விழுந்து மூழ்கும். எந்தச் செடியிலிருந்து எடுத்தீர்களோ அதே செடியின் இலையையே கொடுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்தில் மருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம்; ஓர் இலை போதும், எல்லாப் புழுவும் துடித்து விழ. கடைசிப் பருவத்தில் ஏற ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்.

படம் எடுத்துக் காட்டி இனம் கேட்க விரும்புகிறேன். எப்படி எடுப்பது?

முதலில் செடியைப் படமெடுங்கள், இலை தெளிவாகத் தெரியும்படி. பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து புழுவைப் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. உடலின் பட்டைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரிய வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி. வளர்ந்த பூச்சி என்றால் இறக்கை மூடியிருக்கும்போது அடிப்புறத்தையும், முடிந்தால் மேற்புறத்தையும் எடுங்கள். எதை விட்டாலும் உடலை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிவப்பா கருப்பா என்று தெரியும் ஒரு மங்கலான படம், உடல் தெரியாத பத்துத் தெளிவான படங்களைவிட உதவும்.